ஒரே கணினியில் இரண்டு டெண்டர்

எங்கள் தெருவுக்கு அங்கன்வாடி கட்ட டெண்டர் விட்டிருக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னதே பாய்தான். அதே டெண்டருக்குத் தானும் போடப் போவதாக அதே மூச்சில் சொன்னார். போட்டிக்கு நிற்கிற ஆள் இப்படி வலிய வந்து தகவல் சொல்வாரா என்று கேட்பீர்கள். எங்கள் இருவர் தொழிலும் அப்படித்தான் நடந்து வந்தது.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். என் கணவர் மேஸ்திரி. பாகலூர் பக்கம் ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. அதைக் காலனி என்று இனிமேல் எழுதக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. எழுதுவதைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். ஊருக்குள் வந்து வழி கேட்டுப் பாருங்கள், 'காலனிங்களா, அப்பிடியே நேரா போங்க' என்று இன்றைக்கும் கை காட்டுவார்கள். பாய் ஓசூர்க்காரர். பெயிண்டராக ஆரம்பித்து, பூச்சு வேலை, டைல்ஸ், பிறகு சின்னச் சின்னக் கட்டடம் என்று மேலே வந்தவர். வீட்டில் உருது, கடைத்தெருவில் கன்னடம், ஆட்களிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ் பேசுவார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார்.

நாங்கள் பழக்கமானது கிருஷ்ணகிரியில் ஒரு ஆபீஸ் வராந்தாவில். அரசு ஒப்பந்ததாரராகப் பதிவு செய்ய இருவரும் வந்திருந்தோம். இருவரையும் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள், அடுத்த வாரம் போனால் அதற்கடுத்த வாரம். மற்றவர்கள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வேலை முடித்துப் போனார்கள். எங்களுக்குப் பெஞ்சுதான். அந்தப் பெஞ்சில் ஆரம்பித்த பழக்கம் பிறகு மிஷின்வரை வந்துவிட்டது. மிக்சர் மிஷின் அவருடையது, தளம் போட அடியில் முட்டுக்கொடுக்கிற சென்ட்ரிங் தகடுகள் என்னுடையவை. கான்கிரீட் இறுக்குகிற வைப்ரேட்டரைச் சேர்ந்து வாங்கினோம், அது யார் வீட்டில் கிடக்கிறது என்று எப்போதும் இருவருக்குமே தெரியாது. அவருக்கு ஆள் குறைந்தால் என் கணவர் போவார். எங்களுக்குப் பூச்சு வேலை என்றால் அவர் ஆட்கள் வருவார்கள். ஆளும் மிஷினும் முழுசாகச் சொந்தமாக வைத்துக்கொள்ள எங்களில் யாருக்கும் வசதி இல்லை. அதனால் இரண்டு அரை ஆட்கள் சேர்ந்து ஒரு முழு கான்ட்ராக்டராக இருந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குக் குறைவே இருந்ததில்லை. ஆனால் ஒன்றுகூட எங்கள் பெயரில் இல்லை. பெரிய ஒப்பந்ததாரர்கள் அரசாங்க வேலையை எடுப்பார்கள், கட்டிக் கொடுப்பது எங்களை மாதிரி ஆட்கள். சப் கான்ட்ராக்ட், சுருக்கமாகச் சப் என்பார்கள். உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு வகுப்பறை, பாரூர்ப் பக்கம் ஒரு வாய்க்கால் சுவர், ராயக்கோட்டை ரோட்டில் பேருந்து நிழற்குடை என்று எங்கள் கை படாத இடம் இல்லை. பஸ்ஸில் போகும்போது என் கணவர் ஜன்னலில் தட்டி, "இது நம்முது" என்பார்.

"எதுல நம்முது? எங்க எழுதியிருக்குது, காட்டு" என்பேன் நான். பாவம், அவர் வாயை மூடிக்கொண்டு வருவார். அவரைக் குத்திக் காட்டி எனக்கு என்ன கிடைத்தது? ஆனாலும் சொல்லாமல் இருக்க முடிந்ததில்லை.

சொந்தமாகப் போடலாம் என்று டெண்டர் நோட்டீஸைப் படித்தால், இதே மாதிரி வேலை இதற்கு முன் அரசாங்கத்துக்குச் செய்த சான்று வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். செய்திருக்கிறோம், இன்னொருவர் பெயரில். அந்தச் சான்றை அவர் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வேலையும் எடுத்துவிடுவார், அதையும் நாங்களே கட்டுவோம். ஒரே ஒரு வேலை, எவ்வளவு சின்னதானாலும் சரி, என் பெயரில் முடித்துவிட்டால் இந்தச் செக்குமாட்டுச் சுற்றிலிருந்து வெளியே வந்துவிடலாம். பாய்க்கும் அதே கணக்குத்தான்.

சிறு ஒப்பந்ததாரர்கள் அரசு வேலை பெறுவது எப்படி என்று ஒரு முகாம்கூட நடத்தினார்கள். பிஸ்கட், டீ, ஒரு பேனா எல்லாம் கொடுத்தார்கள். மேடையில் பேசியவர் நல்ல மனிதர்தான். தயங்காமல் போடுங்கள், எல்லாம் இப்போது ஆன்லைன், உங்கள் சாதி, மதம், முகம் எதுவும் கணினிக்குத் தெரியாது என்றார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பாய் என் பக்கம் சாய்ந்து, "மூஞ்சி தெரியாதுன்னா நமக்கு நல்லதுதான் தங்கச்சி" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பேச்சை நான் நம்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டியில் டெண்டர் போடுகிற காலத்தில், பெட்டி இருக்கிற அறை வாசலிலேயே நாலு பேர் நிற்பார்கள். 'எங்கம்மா வந்தீங்க' என்று அவர்கள் கேட்கிற கேள்வியிலேயே பாதிப்பேர் திரும்பிவிடுவார்கள். கணினியில் வாசல் கிடையாது, வாசலில் ஆளும் நிற்க முடியாது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் தெரு அங்கன்வாடி டெண்டரில் முன் அனுபவம் கேட்கும் அந்த வரி இல்லை. சின்ன வேலை என்பதால் விட்டிருந்தார்கள். பாய் போனில் வாசித்துக் காட்டியபோது இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.

"நெசமாவே இல்ல தங்கச்சி. கண்ணாடி போட்டுக்கினுதான் படிக்கிறேன். நானும் போடுறேன், நீயும் போடு. யாருக்கு வந்தாலும் மிக்சர் ஒண்ணுதான்" என்றார்.

எங்கள் தெருப் பிள்ளைகள் அதுவரை ஒரு வீட்டுத் திண்ணையளவு வாடகை அறையில் உட்கார்ந்திருந்தார்கள். மழை வந்தால் டீச்சர் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்தக் கட்டடத்தை நானே கட்ட வேண்டும், என் பெயரில் கட்ட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. இடத்தைப் போய் நானே டேப் பிடித்து அளந்தேன். மண் எப்படி என்று என் கணவர் கடப்பாரை போட்டுப் பார்த்தார். தெருப் பெண்கள் கூடி நின்று, "நீதான் கட்டப்போறியா?" என்று கேட்டார்கள். "பாக்கலாம்" என்றேன் வாயால். என் முகம் ஆமாம் என்று சொல்லியிருக்கும்.

ஆன்லைன் டெண்டர் போடத் தெரிந்த பிரவுசிங் சென்டர் என்று எங்களுக்குத் தெரிந்தது ஓசூரில் ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், ஜெராக்ஸ் கடை மாதிரி ஒரு இடம். நடத்துகிறவர் தெலுங்குக்காரர், பொறுமைசாலி. டிஜிட்டல் கையெழுத்து என்று பென் டிரைவ் மாதிரி ஒன்று தருவார்கள். அதைக் கணினியில் செருகினால்தான் டெண்டர் போக முடியும். அவரிடம் இருந்த கணினிகளில் ஒன்றில்தான் அது வேலை செய்யும். மற்றதில் செருகினால் ஏதோ பிழை என்று வரும். அதனால் அந்த ஒன்றுக்கு வரிசை. பாயும் நானும் ஒரே நாளில் போனோம், சேர்ந்தே போனோம். அவருடைய டூவீலரில் அவர், என் வண்டியில் நான், பாகலூர் ரோட்டு முனையில் ஒருவருக்கொருவர் காத்திருந்து போனோம்.

அங்கே நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. சான்றுகளை ஏற்றுகிற வரைக்கும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இதை அங்கே போடுங்க, அதை இங்கே போடு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். ரேட் போடுகிற இடம் வந்ததும் நான் எழுந்துவிட்டேன். "நீங்க போடுங்க பாய், நான் வெளிய நிக்கிறேன்" என்று எதிர் டீக்கடைக்குப் போய்விட்டேன். சென்டர்காரரும் "நேனு சூடனு சார்" என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாராம். நான் பார்க்க மாட்டேன் என்று அர்த்தம். பாய் முடித்துவிட்டு வெளியே வந்து, "போ தங்கச்சி, உன் டர்ன்" என்றார். அவர் என்ன ரேட் போட்டார் என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். அவரோ கோவிலில் நிற்பவர் மாதிரி முகத்தை வைத்திருந்தார். நான் உள்ளே போய் என் ரேட்டைப் போட்டேன். என் கணவர் சொன்னதைவிடக் கொஞ்சம் இறக்கியே போட்டேன். லாபம் வேண்டாம், கைநஷ்டம் இல்லாமல் வந்தால் போதும், பெயர் வேண்டும். வெளியே வந்தபோது பாய் எனக்கும் சேர்த்து டீ சொல்லியிருந்தார். அவ்வளவு நேர்மையாக அந்த மாவட்டத்தில் யாரும் யாரோடும் போட்டி போட்டிருக்க மாட்டார்கள்.

டெண்டர் திறந்த நாளில் சென்டர்காரர் போன் செய்தார். "அக்கா, ரெண்டு பேருதும் ரிஜெக்ட்னு காட்டுது" என்றார். பாய்க்கு ஏதாவது சான்று விட்டுப்போயிருக்கும், எனக்கும் அதே சான்று விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் இருவரும் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி இளைஞர். மரியாதையாக உட்காரச் சொன்னார். அந்த மரியாதையிலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ரெண்டு டெண்டரும் ஒரே சிஸ்டத்துல இருந்து வந்திருக்குங்க. கொஞ்ச நேர இடைவெளியில. இப்படி வந்தா, ரெண்டு பேரும் பேசி வெச்சுப் போட்டதா எடுத்துக்கச் சொல்லி ரூல். சிண்டிகேட்னு சொல்லுவோம்" என்றார்.

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. புரிந்ததும் பாய் சிரித்துவிட்டார். நாங்களா சிண்டிகேட்? இந்தத் தொழிலில் சிண்டிகேட் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாதா? ஹைவேயில் ஏதாவது ஒரு ஹோட்டல் ஏசி அறையில் பெரியவர்கள் கூடுவார்கள். இந்த வேலை உனக்கு, அந்த வேலை எனக்கு என்று முடிவாகும். யாருக்கு முடிவானதோ அவர் சரியான ரேட் போடுவார். மற்றவர்கள் ஒப்புக்குக் கொஞ்சம் கூட்டிக் கூட்டிப் போடுவார்கள். அவரவர் வீட்டில், அவரவர் லேப்டாப்பில், அவரவர் வைத்திருக்கிற இன்ஜினியர் உட்கார்ந்து போடுவார். கணினிக்கு அது அத்தனையும் தனித்தனி ஆள்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறிவிடும். "சார், நாங்க பேசி வெச்சிருந்தா ஒரே கடையில போய் வரிசையில நின்னு போடுவோமா? பேசி வெக்கிறவன் அவ்ளோ முட்டாளா சார்? எங்ககிட்ட கம்ப்யூட்டர் இல்ல. அந்தக் கடையிலயும் ஒண்ணுதான் வேல செய்யுது. அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள். பாய் என் கைப்பையை இழுத்து, "தங்கச்சி, உக்காரு" என்றார்.

"எனக்குப் புரியுதுங்க மேடம். நீங்க சொல்றது உண்மையாத்தான் இருக்கும்" என்றார் அந்த இளைஞர். "ஆனா நான் என்ன பண்ண முடியும்? சிஸ்டம் காட்டுனத நான் விட்டா, நாளைக்கு என்னக் கேப்பாங்க."

"அப்ப எங்க ரேட்டாவது பாத்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

"அது தெறக்கவே மாட்டாங்கம்மா. முதல் கட்டத்துலயே ரிஜெக்ட் ஆனா ரேட்டு தெறக்காது."

பாய் மெதுவாகக் கேட்டார்: "மேல எழுதிப் போட்டா ஏதாச்சும் ஆகுங்களா சார்?"

அதிகாரி குரலைத் தாழ்த்தி, "எழுதலாங்க பாய். எழுதுனா விசாரணைன்னு வரும். ரெண்டு பேரும் ஒரே மிக்சர் யூஸ் பண்றீங்க, ஒருத்தர் ஆளு இன்னொருத்தர் வேலைக்குப் போறாங்கன்னு சைட்ல பாத்தவங்க சொல்லி எல்லாம் வெளிய வரும். அப்புறம் பிளாக் லிஸ்ட்ல வெச்சாலும் வெச்சிருவாங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன், விட்டுருங்க" என்றார்.

எங்களை அழிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எதிரி என்று ஒருவர் இருந்தால் அவரையாவது திட்டிவிட்டு வந்திருப்பேன். வெளியே வந்து கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் மாங்காய் வாங்கிச் சாப்பிட்டோம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தாலாவது என்று பாய் ஆரம்பித்தார். அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகம், அங்கே சின்ன அரசு வேலைகளில் எங்கள் சாதிக்காரர்களுக்கு என்று ஒரு பங்கையே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டி தெரியும். ஆனால் என் சாதிச் சான்று அந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டாது. "விடுங்க பாய்" என்றேன்.

வேலை யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் அடிக்கடி சப் செய்கிற அதே பெரிய ஒப்பந்ததாரருக்குத்தான். கொஞ்ச நாளில் அவரே என் கணவருக்குப் போன் செய்தார். "ஒங்க ஊருதானப்பா, ஆளுங்களும் பக்கத்துலயே இருக்காங்க. நீயே செஞ்சு குடுத்துரு. பெயிண்டிங் அந்த பாயையே போட்டுக்க" என்றார்.

முடியாது என்று நான் ஒரே பிடியாக நின்றேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். வேறு யார் வேண்டுமானாலும் கட்டட்டும், இதை நான் கட்ட மாட்டேன் என்றேன். என் கணவர் தட்டை எடுத்து மூடி வைத்தார். பிறகு, "வேற ஆளு வந்தா எம்சாண்டுன்னு சொல்லி கிரஷர் தூள கலந்து அடிச்சிட்டுப் போயிருவான். உக்காரப்போறது நம்ம தெருப் புள்ளைங்க. நீ வரவேணா, நான் கட்டறேன்" என்றார். அவர் அஸ்திவாரம் தோண்டிய அன்று வீட்டிலேயே இருந்தேன். தளம் போடுகிற அன்று போனேன். கம்பி கட்டியிருந்தது சரியில்லை என்று சத்தம் போட்டு மாற்றி மாற்றிக் கட்ட வைத்தேன். பிறகு தினமும் போனேன்.

கட்டடம் நன்றாகவே வந்தது. பாயின் ஆட்கள் சுவரில் கிளியும் ஆப்பிளும் வரைந்தார்கள், ஜன்னலுக்கு மஞ்சள் அடித்தார்கள். தெருப் பெண்கள் எல்லாம் என்னிடம் வந்து, "உன் கட்டடம் சூப்பரா இருக்குது" என்றார்கள். அவர்களுக்கு டெண்டர் தெரியாது, யார் பெயரில் வேலை என்று தெரியாது. நான் அளந்ததையும் நான் சத்தம் போட்டதையும்தான் அவர்கள் பார்த்தார்கள். ஒருத்தியிடமாவது இது என்னுடையது இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொருத்தி சொல்லும்போதும் சிரித்துத் தலையாட்டினேன்.

போன மாதம் பாய் மறுபடி போன் செய்தார். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், அனுபவம் கேட்கவில்லை, சின்ன வேலை. இந்த முறை நாங்கள் இருவரும் ஒரே கடைக்குப் போக முடியாது. வேறு சென்டர் தேடிப் போகலாம்தான். ஆனால் ஒரு தடவை பெயர் கெட்டவர்கள் நாங்கள். இருவர் டெண்டரும் ஒரே வேலைக்கு வந்தாலே, அன்றைக்கு வந்த அந்த இருவர்தானே என்று பார்ப்பார்கள். இதையெல்லாம் பாய் யோசித்துவிட்டுத்தான் பேசினார்.

"ரெண்டு பேரும் போட்டா ரெண்டு பேருக்கும் போயிரும் தங்கச்சி. ஒருத்தர்தான் போடணும். இந்த வாட்டி நீ போடு, நான் ஒதுங்கிக்கிறேன். அடுத்தது வந்தா நான் போடுறேன். நீ ஒதுங்கிக்க."

"சரிங்க பாய்" என்றேன். நல்ல யோசனை என்றுகூடச் சொன்னேன். அவர் ரேட் எவ்வளவு போட்டால் தேறும் என்று தன் கணக்கையும் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். அன்றைக்கு டீக்கடைக்கு எழுந்து போன நான்தான் எழுதிக்கொண்டேன்.

போனை வைத்ததும், என்ன பேசினோம் என்று என் கணவர் கேட்டார். சொன்னேன்.

"அப்ப அந்த ஆபீசர் சொன்னது இப்பத்தான் உண்மையாவுது" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவரிடம் கேட்டேன், வேறு எப்படித்தான் போடுவது, நீயே சொல் என்று. மறுநாள் காலையில் நான் மட்டும் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு டெண்டர் போடப் போனேன்.